டெலோமியர்: வாசகர் கேள்விகள்

டெலோமியர் என்பது குரோமோசோம்களின் முனைகளில் இருக்கும் காப்பு. செல் பிரியப் பிரிய அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

கே: மனஅழுத்தம் டெலோமியரைக் குறைக்கும் என்பது உண்மையா?

தொடர்பு உண்டு. 2004-இல் ஆய்வாளர்கள் எலிசா எபெலும் எலிசபெத் பிளாக்பர்னும் 58 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள். அழுத்தம் மிகுந்தவர்களின் ரத்த வெள்ளணு டெலோமியர், பத்து வயது மூத்தவருடையதைப் போலக் குட்டையாக இருந்தது. ஆனால் சின்ன ஆய்வு. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்புகளில் தொடர்பு மிக மெல்லியதாகவே தெரிந்தது.

கே: சிகரெட்டைப் பாதியாகக் குறைத்தால் போதுமா?

போதாது. நிறுத்துங்கள்.

கே: வீட்டிலிருந்தே டெலோமியர் சோதனைக்கு மாதிரி அனுப்பிப் பார்த்தேன், 0.92 வந்தது. என் உண்மையான வயது என்ன?

பிறப்புச் சான்றிதழில் இருக்கும். எந்த முறையில் அளந்தார்கள், எச்சிலா ரத்தமா, அப்போது காய்ச்சல் இருந்ததா, ஒன்றையும் எழுதாமல் ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால் எப்படி? இந்தச் சோதனைகள் பெரும்பாலும், டிஎன்ஏவைப் பிரதியெடுத்து அளக்கும் பிசிஆர் முறைதான். அதில் 5 முதல் 10 சதவீதம் பிழை சாதாரணம். வெள்ளணு டெலோமியர் நீளம் சுமார் 6,000 - 7,000 டிஎன்ஏ கார இணைகள். ஆண்டுக்குத் தேய்வது 20 - 40. கணக்குப் போடுங்கள்: சோதனையின் தடுமாற்றமே பத்துப் பதினைந்து ஆண்டுத் தேய்மானத்தை விழுங்கிவிடும். போதாததற்கு, ஒரு சளிக்காய்ச்சலில் வெள்ளணுக்களின் கலவை மாறினாலே எண்ணும் மாறும். நம்பிக்கை வரவில்லையா? ஒரே நேரத்தில் எடுத்த மாதிரியை இரண்டு பெயரில் அனுப்பிப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடலாம். இடுப்பை அளக்க வீட்டு டேப் போதும்.

கே: எந்த உடற்பயிற்சி நல்லது?

2018-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் வாரம் மூன்று முறை, 45 நிமிடம், ஆறு மாதம். ஓட்டமும், வேகமும் மெதுவும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சியும் டெலோமரேஸை (டெலோமியரை நீட்டும் நொதி) கூட்டின, எடைப்பயிற்சி கூட்டவில்லை. அதற்காக எடையைக் கீழே போட்டுவிடாதீர்கள், தசைக்கு அது வேண்டும். அங்கே அளந்ததும் வெள்ளணுக்களைத்தான், தசையை அல்ல.

கே: டெலோமரேஸைத் தூண்டும் மாத்திரை சாப்பிடலாமா?

வேண்டாம். புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் அதே நொதியின் தயவில்தான் ஓயாமல் பெருகுகின்றன. நீளம்தான் ஆயுள் என்றால் ஆய்வகச் சுண்டெலி நம்மை முந்தியிருக்கும். அதன் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டு.

கே: அப்படியானால் யாருக்குத்தான் இந்தச் சோதனை?

குடும்பத்தில் மிக இளம் வயது நரை, எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு, நுரையீரல் தழும்பு நோய் சேர்ந்தே வந்தால், ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதிக்கொடுப்பது ஃப்ளோ-ஃபிஷ் சோதனையாக (வெள்ளணு வகைகளைத் தனித்தனியே பிரித்து டெலோமியரை அளக்கும் முறை) இருக்கும்.