வாசகர் கேள்வி – பதில்: காணியை விற்று வெளிநாடு போகலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. 10 வருடமாக வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்கிறேன். 2022க்குப் பிறகு வீடு கட்டுவோர் குறைந்து, மாதத்தில் 10 நாள் வேலை கிடைப்பதே பெரிய காரியமாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். விசிட் விசாவில் கனடாவுக்கு அனுப்புவதாகவும், இறங்கியதும் அகதி விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்றும் சொல்லி ஒரு முகவர் 45 இலட்சம் கேட்கிறார். அப்பாவின் காணியை விற்றால் 25 இலட்சம் வரும். மீதி 20 இலட்சத்தை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுக்கலாம். போகலாமா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: போக நினைப்பதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று 2022 ஏப்ரலில் நாடு கைவிரித்ததையும், 200 ரூபாவை அண்டி நின்ற டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 வரை ஏறியதையும், அதே வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியதையும் உங்கள் அடுப்படியே கண்டிருக்கும். பணவீக்கம் பிறகு இறங்கியது உண்மை; ஆனால் இறங்கியது விலை ஏறுகிற வேகமே தவிர விலை அல்ல. அந்த வருடம் என் அக்காவின் மகனோடு வவுனியாவில் கடவுச்சீட்டு வரிசையில் ஒரு இரவு முழுவதும் இருந்தேன். பாய் விரித்துப் படுத்திருந்தவர்களில் அநேகர், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் வைத்த பொலித்தீன் பையைத் தலைமாட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று சட்டைக்குள் செருகிக்கொண்டு தூங்கினார்கள். அவர்களில் ஒருவரையும் பேராசை பிடித்தவர் என்று சொல்ல என் மனம் இடம் கொடாது.

என் மறுப்பு நீங்கள் போவதற்கு அல்ல, போகிற வழிக்குத்தான். கணக்கைப் பாருங்கள்: 20 இலட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 60,000 ரூபா, அதில் முதல் ஒரு சதமும் குறையாது. அகதி விண்ணப்பம் கொடுத்தவர் வேலை அனுமதி கைக்கு வரும்வரை கனடாவில் சட்டப்படி வேலை செய்ய முடியாது. வட்டி அந்த மாதங்களுக்கும் ஓடும். அதைவிட முக்கியமானது, முகவர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது. அகதி அந்தஸ்து இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல் ஆகியவற்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உள்ளவர்களுக்கு உரியது. வேலை இல்லை, பிள்ளைகளைப் படிப்பிக்கப் பணம் இல்லை என்பது எவ்வளவு உண்மையான துயரமாக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் அடங்காது. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதச் சொல்வார்கள். அது விசாரணையில் பிடிபட்டால், உண்மையில் பயந்து ஓடி வந்தவரின் வாக்குமூலத்தையும் சேர்த்துச் சந்தேகிக்க வைக்கும்.

விசா நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வதாகச் சொன்னார் என்று முகவரிடம் கேட்டீர்களா? பணத்தைத் திருப்பித் தருவேன் என்று சொல்பவர்கள் குறைவு. ‘வேறு பாதை இருக்கிறது’ என்பார்கள். அந்த வேறு பாதை எது என்பதற்கு 2022 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். கனடா போவதாக நம்பிப் புறப்பட்ட 303 இலங்கையர், வியட்நாமுக்கு அப்பால் நடுக்கடலில் தண்ணீர் புகுந்த படகொன்றில் தத்தளித்தார்கள். ஜப்பானிய வணிகக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றி வுங் தவ் துறைமுகத்தில் இறக்கியது. பலர் அந்த வருடம் முடிவதற்குள் நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொடுத்த காசு கொடுத்ததுதான்.

உங்கள் கையில் ஒரு தொழில் இருக்கிறது. நைற்றா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில், வகுப்புக்குப் போகாமலே செய்துவந்த வேலையைச் சோதித்துப் பார்த்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தரும் முறை உண்டு. அதை முதலில் எடுங்கள். வளைகுடாவில் தகைமைச் சான்றிதழோடு இறங்குகிற மின்னிணைப்பாளரும், ‘எல்லா வேலையும் தெரியும்’ என்று இறங்குகிறவரும் ஒரே சம்பளத்துக்குப் போவதில்லை. தென்கொரியாவுக்கு அரசோடு அரசு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொரிய மொழிப் பரீட்சை எழுதி, அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகப் போகலாம்; தனியார் முகவருக்கு அதில் இடமே இல்லை. வயதெல்லை 39 என்பதால் தாமதிக்காமல் மொழி வகுப்பில் சேருங்கள். இவற்றுக்கு ஒன்றிரண்டு வருடம் பிடிக்கலாம், கடைசியில் இடம் கிடைக்காமலும் போகலாம். ஆனால் காணி உறுதி வீட்டு அலுமாரியில் இருக்கும். அது இருக்கும்வரை, போன இடம் சரிவராவிட்டால் திரும்பி வர உங்களால் முடியும். வட்டிக்குப் பயந்து மோசமான முதலாளியிடம் கிடந்து அழுந்தத் தேவையில்லை.

கேள்வி: என்னிடம் படித்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நாட்டை விட்டுப் போகிறார்கள். இது ஊரைக் கைவிடுவது ஆகாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஆகாது ஐயா. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். மருந்தும் எரிபொருளும் வாங்க நாட்டில் டொலர் இல்லாத நாட்களில், அப்படிப் போனவர்கள் அனுப்பிய பணம்தான் பெரிய கைகொடுப்பாக இருந்தது. உங்கள் மாணவர்களைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. அவர்களைத் தடுக்க வேண்டாம். சரியான தாள்களோடு போகிறார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டால் மறைக்க மாட்டார்கள்.

கேள்வி: கணவர் இல்லை. கிழமைக் கடன் இரண்டு எடுத்துக் கட்ட முடியாமல் தவிக்கிறேன். குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனால் முற்பணம் தருவதாக ஏஜென்சியில் சொல்கிறார்கள். பிள்ளைகளை அம்மா பார்ப்பார். போகட்டுமா?
– சகோதரி ஒருவர், மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, அந்த முற்பணத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அதை வாங்கிக் கடனைக் கட்டிவிட்ட பிறகு, ஒப்பந்தத்தில் ஏதாவது பிழை கண்டு ‘நான் போகவில்லை’ என்று சொன்னால் திருப்பிக் கேட்பார்கள்; அந்த நேரத்தில் உங்களிடம் இருக்காது. ஆகவே ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கும்வரை ஒரு சதமும் வாங்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சிதானா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென 2015இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விசா அதே கபீலின், அதாவது உங்களைப் பொறுப்பேற்று எடுக்கிற எசமானரின், பெயரில் நிற்பதால், பூட்டிய வீட்டுக்குள் நின்று அந்த உரிமையைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது போய்வந்த பெண்களுக்குத் தெரியும். உங்கள் ஊரிலேயே போய்வந்தவர் ஒருவரிடம் ஒரு பின்னேரம் உட்கார்ந்து கேளுங்கள்; ஏஜென்சி சொல்லாததை அவர் சொல்வார்.

அதற்குப் பிறகும் போவதென்று முடிவெடுத்தால், கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியும் எசமானரின் முகவரியும் அம்மாவிடம் இருக்கட்டும். சம்பளத்தை வேறொருவர் கணக்குக்கு அனுப்பாமல், உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கொன்று திறந்து, பிள்ளைகளின் செலவுக்கு மாதம் எவ்வளவு என்று அம்மாவோடு இப்போதே பேசி எழுதி வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு நீங்கள் போகிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். தூங்கும்போது விட்டுப் போக வேண்டாம்.