நிறுவிய லைப்ரரியைப் பைத்தான் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி: விண்டோஸ் உள்ள வீட்டுக் கணினியில் பைத்தான் நிரல்மொழி கற்று வருகிறேன். லைப்ரரிகளை (ஆயத்த நிரல்தொகுப்புகளை) நிறுவித் தரும் பிப் கருவியைக் கொண்டு, தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் லைப்ரரியை நிறுவினேன். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றே செய்தி வந்தது. ஆனால் நிரலை இயக்கினால் 'பாண்டாஸ் என்ற மாட்யூல் இல்லை' என்று பிழை காட்டுகிறது. நான்கு முறை நீக்கி நிறுவியும் பயனில்லை. இந்தக் கணினியில் பழைய பைத்தான் பதிப்பு ஒன்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பாண்டாஸ் உங்கள் கணினியில் இருக்கிறது, உங்கள் நிரலை இயக்கும் பைத்தானிடம் அது இல்லை. லைப்ரரியைக் கணினியில் நிறுவுகிறோம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, உண்மையில் அதைக் குறிப்பிட்ட ஒரு பைத்தானுக்குள்தான் நிறுவுகிறோம். ஒவ்வொரு பைத்தானுக்கும் 'சைட்-பேக்கேஜஸ்' என்ற தனிக் கோப்புறை உண்டு. லைப்ரரியை நிரலுக்குள் வரவழைக்கும் இம்போர்ட் வரியைக் கண்டதும், நிரல் இருக்கும் கோப்புறையிலும், பைத்தானுடன் சேர்ந்தே வந்த அடிப்படை லைப்ரரிகளிலும், பிறகு தன்னுடைய சைட்-பேக்கேஜஸிலும் அது தேடும். அடுத்திருக்கும் இன்னொரு பைத்தானின் கோப்புறையை எட்டிப் பார்க்காது. நீங்கள் அழைக்கும் பிப் ஒரு பைத்தானுக்கு உரியதாகவும், நிரலை இயக்குவது வேறொரு பைத்தானாகவும் இருக்கும்வரை, நாற்பது முறை நிறுவினாலும் நிலைமை மாறாது.

இதை ஊகமாக விடாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிரலின் தொடக்கத்தில் 'சிஸ்' என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, அடுத்த வரியில் 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' என்பதை பிரிண்ட் செய்யுங்கள். நிரலை இயக்கிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழு முகவரி திரையில் வரும். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரத்தை) திறந்து, பிப் என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் வெர்ஷன் என்று கொடுங்கள் (கட்டளைகள் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்). வரும் ஒற்றை வரியில் பிப்பின் பதிப்பு எண், அது குடியிருக்கும் கோப்புறை, கடைசியாக அடைப்புக்குறிக்குள் அது எந்தப் பைத்தானுக்கு உரியது என்ற எண் ஆகிய மூன்றும் இருக்கும். நிரல் காட்டிய முகவரியில் பைத்தான்38 என்றும், பிப் காட்டிய வரியின் முடிவில் பைத்தான் 3.12 என்றும் இருந்தால், கோளாறு வேறெங்கும் இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. பிப்பைத் தனியாக அழைக்காமல், பைத்தான் வழியாகவே அழையுங்கள்: 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்'. இப்படிக் கொடுத்தால் எந்தப் பைத்தானை அழைத்தீர்களோ அதற்கே லைப்ரரி போய்ச் சேரும். பைத்தான் என்ற சொல்லுக்குப் பதிலாக, நிரல் காட்டிய முழு முகவரியை இரட்டை மேற்கோள்குறிக்குள் கொடுத்தால் ஐயத்திற்கே இடமில்லை. நிரல் எழுத வி.எஸ். கோட் என்ற செயலியைப் பயன்படுத்துபவராக இருந்தால், நிரல் திறந்திருக்கும்போது சாளரத்தின் அடியில் வலப்பக்கம் தெரியும் பைத்தான் எண்ணைச் சொடுக்கி, பட்டியலிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொன்று: உங்கள் நிரலுக்கே பாண்டாஸ் என்று பெயரிட்டுவிடாதீர்கள். தேடல் நிரலின் கோப்புறையிலிருந்தே தொடங்குவதால், உண்மையான பாண்டாஸுக்குப் பதிலாக உங்கள் கோப்பே இம்போர்ட் ஆகிவிடும்.

இவ்வளவோடு உங்கள் நிரல் ஓடத் தொடங்கிவிடும். ஆனாலும் ஒவ்வொரு பணிக்கும் தனியான மெய்நிகர் சூழல் (தனக்கென சைட்-பேக்கேஜஸ் கொண்ட கோப்புறை) அமைத்துக்கொள்ளும்படி உங்களை வற்புறுத்தவே விரும்புகிறேன். ஒரு பணிக்கு ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பும், இன்னொன்றுக்குப் புதிய பதிப்பும் தேவைப்படும் நாள் விரைவில் வரும். ஒரே சைட்-பேக்கேஜஸில் இரண்டும் ஒருங்கே இருக்க முடியாது. இதற்கான 'வென்வ்' என்ற கருவி 2012-இல் வெளியான 3.3 பதிப்பிலிருந்து பைத்தானுடனேயே வருகிறது. பணிக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு 'பைத்தான் -எம் வென்வ் சூழல்' என்று கொடுத்தால், சூழல் என்ற பெயரில் ஓர் உள்கோப்புறை உருவாகும் (பெயர் உங்கள் விருப்பம்). அதனுள் இருக்கும் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையிலுள்ள 'ஆக்டிவேட்' கோப்பை கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இயக்கியதும், வரியின் இடப்பக்கத்தில் அந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் தோன்றும். அது தெரிந்துகொண்டிருக்கும்வரை நீங்கள் நிறுவுவதெல்லாம் அந்தக் கோப்புறைக்குள்ளேயே அடங்கும். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில், ஆக்டிவேட் செய்வதைப் பாதுகாப்புக் கட்டுப்பாடு தடுக்கக்கூடும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்தத் தடை இராது. சூழலை வேறு இடத்திற்கு நகர்த்தாதீர்கள், அதனுள் முழு முகவரிகள் பதிந்திருப்பதால் நகர்த்தினால் பழுதாகும். அழித்துவிட்டு மீண்டும் உருவாக்குவதே சரி.

லினக்ஸில் இதே வேலையைச் செய்பவர்களுக்கும் ஒரு சொல். டெபியன் 12 போன்ற அண்மைப் பதிப்புகள், சூழலுக்கு வெளியே பிப் கொண்டு நிறுவ முயன்றால் மறுத்துவிடும். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானை நம்பியிருப்பதால் இந்தத் தடை நியாயமானது. அதை உடைக்கும் வழியையும் பிழைச்செய்தியே காட்டினாலும் அந்த வழியில் போகாதீர்கள்.

நிறுவும்போதே நீண்ட சிவப்பு எழுத்துகளுடன் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ தேவை' என்று முடிந்தால், காரணம் வேறு. நம்பை (எண் கணக்கீட்டு லைப்ரரி), பாண்டாஸ் போன்றவற்றின் உட்பகுதிகள் பைத்தானில் மட்டும் எழுதப்பட்டவை அல்ல. சி போன்ற மொழிகளில் எழுதி, இயந்திர மொழிக்கு மாற்றப்பட வேண்டியவை. அப்படி முன்கூட்டியே மாற்றித் தரப்படும் கோப்புக்கு 'வீல்' என்று பெயர். உங்கள் பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்திற்கும் பொருந்தும் வீல் கிடைக்காதபோது, பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே அதைத் தயாரிக்க முயன்று தடுமாறுகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் புதிய பைத்தான் வெளிவரும். எல்லா லைப்ரரிகளுக்கும் வீல் உடனே வந்துவிடாது. கனமான சி++ கருவிகளை நிறுவப் புறப்படுவதைவிட, ஒரு பதிப்பு பின்தங்கிய 64-பிட் பைத்தானைப் பயன்படுத்துவதே வீட்டுக் கணினிக்கு ஏற்றது.

பெயர்களில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். பிப் லைப்ரரிகளை எடுத்துவரும் பைபிஐ களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். புகழ்பெற்ற லைப்ரரிகளின் பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தீங்கான நிரல்களை வைத்த நிகழ்வுகள் பலமுறை நடந்துள்ளன. நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது குழப்பத்தைக் கூட்டுகிறது: பில்லோ என்று நிறுவியதைப் பி.ஐ.எல். என்றும், ஓபன்சிவி-பைத்தான் என்று நிறுவியதை சிவி2 என்றும் இம்போர்ட் செய்ய வேண்டும். ஆகவே பிழைச்செய்தியில் கண்ட பெயரை அப்படியே பிப்பிடம் கொடுக்காமல், அந்த லைப்ரரியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் நிறுவல் வரியைப் பார்த்து, அதையே எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள்.