625001 பகா எண்ணா?

கேள்வி: எங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணான 625001 ஒரு பகா எண் என்று என் மகன் சாதிக்கிறான். சரிதானா?
– ஒரு வாசகர், மேலமாசி வீதி, மதுரை.

பதில்: சரியல்ல, ஆனால் 1இல் முடிவதாலும், இலக்கங்களின் கூட்டுத்தொகை 14 என்பதாலும், 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாத இந்த எண் எவரையும் ஏமாற்றக்கூடியதே. மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 625இலிருந்து 001ஐக் கழித்தால் கிடைக்கும் 624, 13ஆல் மீதியின்றி வகுபடுகிறது; 625001 = 625 × 1001 − 624 என்பதாலும், 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதாலும், முழு எண்ணும் 13ஆல் வகுபட்டே தீரும். ஈவாக வரும் 48077தான் பிடிவாதக்காரன்: சிறிய பகா எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்து 131ஐ எட்டிய பிறகே அது 131 × 367 என்று உடைகிறது. ஆகவே 625001 = 13 × 131 × 367; மூன்றும் வெவ்வேறு பகா எண்கள் என்பதால் இதற்கு எட்டுக் காரணிகள் உண்டு. முந்தைய எண்ணான 625000மோ 2, 5 என்னும் இரண்டே பகா எண்களால் ஆனது.