சட்டத்தில் வழங்கும் லத்தீன் தொடர்கள் எல்லாம் ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தவையா?

இல்லை. சில அங்கிருந்து வந்தன, பல வரவில்லை. ஒன்று ரோமானியச் சட்டத்துக்கு நேர் எதிராகவே நிற்கிறது.

அது 'கேவியட் எம்ப்டார்'. வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். லத்தீனில் இருப்பதால் ரோமாபுரிச் சந்தையில் பிறந்த விதி என்றே பலரும் நம்புகிறார்கள். அந்தச் சந்தையில் இருந்த விதியோ வேறு. சந்தையைக் கண்காணித்த ஈடைல் என்னும் அதிகாரிகளின் ஆணைப்படி, அடிமையையோ கால்நடையையோ விற்பவர் அதன் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால், ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டு வழக்குத் தொடரலாம். விலைக் குறைப்புக் கேட்க ஓராண்டு அவகாசம் உண்டு. "எனக்கே தெரியாது" என்று விற்றவர் சொல்லித் தப்ப முடியாது. ஏமாந்தது விற்றவரின் அறியாமையாலா, தந்திரத்தாலா என்பது வாங்கியவருக்கு ஒன்றுதான் என்று எழுதினார் சட்ட அறிஞர் உல்பியன். மனிதரை மாட்டோடு சேர்த்து விலைபேசிய சட்டம் இது; அந்தக் கொடுமையைச் சொல்லாமல் இதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில், டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக, அந்த ஈடைல் வழக்குமுறை இன்றும் உயிரோடு இருக்கிறது.

வாங்குபவர் தலையில் பொறுப்பைச் சுமத்தியது இங்கிலாந்து. 1603ஆம் ஆண்டின் சாண்டலர் எதிர் லோப்பஸ் வழக்கில், பெசோவார் என்னும் மருத்துவக் கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லர் 100 பவுண்டுக்கு ஒரு கல்லை விற்றார். அது பெசோவார் இல்லை. உத்தரவாதம் தராமல் வெறுமனே சொன்னதற்காக வழக்குத் தொடர முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மரபில் வந்ததுதான் நம் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும். விதிவிலக்குகள் அதிலேயே உண்டு.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1733 வரை ஆவணங்களை லத்தீனில் எழுதிவந்தன. ஆட்கொணர்வு மனுவுக்கு 'ஹேபியஸ் கார்பஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். மாறாக, ஒருமுறை தீர்ந்த வழக்கை மறுபடி தொடுக்கக் கூடாது என்ற 'ரெஸ் ஜுடிகேட்டா' அசல் ரோமானியக் கொள்கை. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

ஒரு தொடர் எங்கே பிறந்தது என்று ஐயம் வந்தால், ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட டைஜெஸ்ட் என்னும் ரோமானியச் சட்டத் தொகுப்பில் முதலில் தேடுங்கள். ஈடைல்களின் ஆணை அதன் 21ஆம் நூலில் இருக்கிறது.