பொள்ளாச்சி கோர்ட்டு உத்தரவும் கொழிஞ்சாம்பாறை முதலாளியும்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறேன். கணக்கு எழுதும் பையனுக்கு மாதம் 19,000 ரூபாய் சம்பளம். பொள்ளாச்சியில் ஒரு ஃபைனான்சில் வாங்கிய கடன் 1,80,000 ரூபாய் பாக்கி என்று, அவன் சம்பளத்தை ஜப்தி செய்து அனுப்பச் சொல்லி அந்த ஊர் கோர்ட்டிலிருந்து எனக்குத் தபால் வந்திருக்கிறது. நான் ஜாமீன்கூடப் போடவில்லை. ஃபைனான்ஸ் ஆள் மில்லுக்கே வந்து, பணத்தை என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்கிறார். பேசாமல் பையனை நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா

பதில்: முதலில் அந்த ஃபைனான்ஸ் ஆளை வாசலோடு அனுப்புங்கள். அவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. பிடித்த பணம் போகவேண்டிய இடம் கோர்ட்டு. அங்கே கட்டினால் ரசீது கிடைக்கும். அவரிடம் கொடுத்தால் சிரிப்புதான் கிடைக்கும்.

நீங்கள் கடன்காரர் இல்லை என்பது சரி. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 48ஏ என்று ஒன்று இருக்கிறது. செல்லத்தக்க உத்தரவு வந்த பிறகும் பையனுக்கு முழுச் சம்பளம் கொடுத்தால், கொடுக்கக் கூடாமல் கொடுத்த தொகைக்கு நீங்களே பொறுப்பு. 'அட்வான்ஸ்' என்று எழுதிக் கொடுத்தாலும் கதை அதேதான். சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைக் கவரில் கொடுக்கச் சொல்லும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். கோர்ட்டுக்குப் பொய்க்கணக்கு கொடுத்து மாட்டிக்கொண்டால் அவர்கள் கூட வரமாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கவனித்தது வேறு. அரசு ஊழியர் என்றால் சம்பளம் தருபவர் எந்த ஊரில் இருந்தாலும் கோர்ட்டு உத்தரவு போடலாம். தனியார் ஊழியருக்கு அப்படி இல்லை. சம்பளம் தருபவர் அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்க வேண்டும். மாநில எல்லையான கோபாலபுரம் தாண்டி இந்தக் கேரளப் பக்கம் வந்துவிட்டால் அது பொள்ளாச்சி கோர்ட்டின் எல்லை இல்லை. கடன் கொடுத்தவர் டிக்ரியை (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட்டுத் தீர்ப்பை) நம் சித்தூர் கோர்ட்டுக்கு (ஆந்திரா சித்தூர் இல்லை!) மாற்றி வாங்கி, இங்கே மனுப் போட வேண்டும். அதற்காகத் தபாலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சம்பள நாளுக்கு முன்பே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மில் எங்கே இருக்கிறது, சம்பளம் எங்கே தரப்படுகிறது என்று பொள்ளாச்சி கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். எல்லை சரியா தவறா என்று முடிவு செய்வது கோர்ட்டு. நீங்களோ நானோ இல்லை.

சித்தூரிலிருந்து முறையாக உத்தரவு வந்துவிட்டால் எவ்வளவு பிடிப்பது? அதே சட்டத்தின் பிரிவு 60-ன்படி முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது. மீதி 18,000-ல் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஆக, அதிகபட்சம் மாதம் 6,000. உத்தரவில் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். இது 24 மாதம் வரை. அதற்குப் பிறகு அதே டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. உங்கள் பையன் கணக்கில் 1,44,000-உடன் நிற்கும். மீதிக்கு ஃபைனான்ஸ்காரர் வேறு வழி பார்க்கட்டும். எந்த மாதம் தொடங்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். உங்களுக்காக அதை வேறு யாரும் எண்ணமாட்டார்கள்.

மனைவிக்கு ஜீவனாம்சம் தரச் சொல்லும் டிக்ரி என்றால் கணக்கு தலைகீழ். அப்போது மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு.

நடுவில் இன்னொரு கடன்காரர் இரண்டாவது உத்தரவு கொண்டுவந்தால் அதற்கும் சேர்த்துப் பிடிக்கத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே நடக்கும் ஜப்தியின் முழு விவரத்தையும் எழுதி, அந்த உத்தரவை உடனே அந்தக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

நார் காயப்போடுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் பெயரில் இப்படி உத்தரவு வந்தால்? தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. வேலை தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமும் இல்லை. போனசும் கூலியில் சேர்த்திதான். அவர் பார்ப்பது கூலி வேலை என்று கோர்ட்டுக்குத் தெரியப்படுத்துங்கள்.

பையனை நிறுத்தும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கடன் இருப்பது வேலையில் செய்த குற்றம் ஆகாது. நாளை அவன் லேபர் ஆபீசுக்குப் போனால் என்ன காரணம் சொல்வீர்கள்? அவனாகவே வேலையை விட்டால் மட்டும், விட்ட தேதியைக் கோர்ட்டுக்கு உடனே எழுதிவிடுங்கள்.

கேள்வி: குமுளியில் மசாலாக் கடை. வேலையாள் வாங்கிய கடனுக்குக் கூட்டுறவு வங்கி கடிதம் அனுப்பி, சம்பளத்தில் பிடிக்கச் சொல்கிறது. கோர்ட்டு உத்தரவே இல்லையே?

பதில்: கேரளக் கூட்டுறவுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 'என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்று உறுப்பினர் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தால், வங்கி எழுத்தில் கேட்டதும் முதலாளி பிடித்துக் கட்ட வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, கடன் வாங்கும்போது அவருக்கு நீங்கள் கொடுத்த சம்பளச் சான்றிதழில் என்னென்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் பாருங்கள்.