பேச்சுக்கா சம்பளம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,
என் மகனுக்கு வயது 22. ஆட்டிசம் உண்டு. பி.காம். முதல் வகுப்பில் முடித்துவிட்டான். ஐந்து நேர்முகத் தேர்வுகளுக்கு அழைத்துப் போனேன், ஒன்றிலும் எடுக்கவில்லை. அடுத்து டேலி படிக்க வைக்கலாமா, எம்.காம். சேர்க்கலாமா? ஆட்டிசம் இருப்பதை நிறுவனங்களிடம் சொல்வதா, மறைப்பதா?
எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

டேலியா எம்.காமா என்பதை அவனிடம் கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் ஆட்டிசத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என்னை உறுத்துவது அந்த ஐந்து நேர்முகத் தேர்வுகள். முன்பின் தெரியாத நால்வரின் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, சிரித்த முகமாக, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கெழுதும் வேலைக்கு இதில் எது தேவை? ஆட்டிசம் உள்ள பலருக்கு எது கடினமோ அதையே வாசலில் வைத்துவிட்டு, தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள்.

சிவகாசியில் ஒரு நாட்காட்டி அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் இளைஞன் ஒருவனை எனக்குத் தெரியும். யார் முகத்தையும் பார்க்கமாட்டான். முதலாளி அவனிடம் கேள்வியே கேட்கவில்லை. ஒரு மாதத்துத் தினசரித் தாள்களைக் கையில் கொடுத்து, பிழை இருந்தால் வட்டமிடச் சொன்னார். தேநீர் வருவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் ராகுகாலம் 7.30–9 என்றிருந்ததை வட்டமிட்டுவிட்டான். அது திங்களுக்கு உரியது, செவ்வாய்க்கு 3–4.30. ஏற்கெனவே இருவர் பார்த்துக் கையெழுத்திட்ட தாள்! அன்றே வேலை. இயந்திரச் சத்தம் அவனுக்கு ஆகாது என்று மாடியில் காகிதக் கிடங்கை ஒட்டி மேசை போட்டுக் கொடுத்தார்கள். அன்றன்றைய வேலையைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிடுவார்கள். ஆன செலவு ஒரு ட்யூப் லைட்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். தனியாருக்கு இந்தக் கட்டாயமும் இல்லை. விண்ணப்பியுங்கள், அதையே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள்மேல் கோபம். ‘அழைத்துப் போனேன்’ என்கிறீர்கள். அவன் தனியாக பஸ் ஏறியிருக்கிறானா? கடிதம் முழுக்க அவன் சொன்னதாக ஒரு வரி இல்லையே, அம்மா! நீங்கள் பட்ட பாடு புரியாமல் இல்லை. ஆனால் வேலைக்குப் போகப்போகிறவன் அவன். அடுத்த நிறுவனத்திடம் நேர்முகத் தேர்வுக்குப் பதிலாக இரண்டு நாள் வேலை கொடுத்துப் பார்க்கும்படி கேட்கலாம். அந்தக் கடிதத்தை அவனே எழுதட்டும். நீங்கள் திருத்த வேண்டாம்.