டிவிடி காப்பியில் வேண்டாத பகுதியையும் மெனு பட்டனையும் எடுப்பது: கேள்வி பதில்

கல்யாணம், சீமந்தம், அரங்கேற்றம் என்று பீரோவுக்குள் கிடக்கும் டிவிடிகளைக் காப்பி எடுக்கும்போது, முன்னால் ஓடும் ஸ்டுடியோ விளம்பரத்தையும் தேவையில்லாத மெனு பட்டன்களையும் எப்படி நீக்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பல வருஷமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈரோடு: அண்ணா, எங்க கல்யாண டிவிடியை ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி, ஸ்டுடியோ விளம்பரம் இருந்த விஓபி கோப்பை மட்டும் டெலீட் பண்ணிட்டேன். எழுதின டிஸ்க்கைப் போட்டா பிளேயர் அப்படியே நின்னுடுது. எங்கே தப்பு?

தம்பி, டெலீட் பண்ணினதுதான் தப்பு. டிவிடிக்குள் இருக்கும் வீடியோ ஃபோல்டரில் மூன்று வகைக் கோப்பு இருக்கும். படமும் ஒலியும் விஓபி கோப்பில். எந்தக் காட்சி எந்த இடத்தில் தொடங்குகிறது, எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்பது ஐஎஃப்ஓ கோப்பில். பியுபி என்பது அந்த ஐஎஃப்ஓவின் நகல். ஐஎஃப்ஓ ஒவ்வொரு இடத்தையும் 2,048 பைட் கொண்ட செக்டர் கணக்கில் குறித்துவைத்திருக்கிறது. நீங்கள் விஓபியைத் தூக்கிவிட்டீர்கள். ஐஎஃப்ஓ இன்னும் "முதலில் விளம்பரத்துக்குப் போ" என்றே சொல்கிறது. போன இடத்தில் ஒன்றும் இல்லை, பிளேயர் நிற்கிறது.

முதல் காப்பியைத் தனி ஃபோல்டரில் வைத்துக் கைபடாமல் விடுங்கள். வேலை எல்லாம் இரண்டாவது காப்பியில். என் தங்கை கல்யாண டிஸ்க்கில் நான் அப்படிச் செய்யவில்லை. மூல டிஸ்க்கும் பிறகு கீறிப் போனது. நலங்கு வைத்த கால் மணி நேரம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஈரோடு: அப்போ விளம்பரத்தை எப்படித்தான் நிறுத்தறது?

அழிக்காமல் தாண்ட வைக்க வேண்டும். பிஜிசிஎடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்தால், டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு பகுதியும் இடப்பக்கம் வரிசையாக வரும். ஒவ்வொரு பகுதிக்கும் படம் தொடங்கும் முன் ஓடும் கட்டளைகள் உண்டு, முடிந்த பின் ஓடும் கட்டளைகள் உண்டு. விளம்பரப் பகுதியின் முன்கட்டளைகளில் கடைசியாக 'லிங்க்டெய்ல்பிஜிசி' என்ற ஒரே வரியைச் சேருங்கள். "படத்தைக் காட்டாதே, நேராகப் பின்கட்டளைக்குப் போ" என்று அர்த்தம். மெனுவுக்குப் போகச் சொல்லும் கட்டளை அந்தப் பின்கட்டளையில்தான் இருக்கும் என்பதால் வழி அறுந்துபோகாது. சேமிக்கும்போது ஐஎஃப்ஓ, பியுபி இரண்டையும் மென்பொருளே சேர்த்து எழுதிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பல ஸ்டுடியோக்களில் விளம்பரமும் கல்யாணமும் ஒரே பகுதியாக, விளம்பரம் அதன் முதல் துண்டாக மட்டும் இருக்கும். அங்கே இந்த வரியைப் போட்டால் கல்யாணமே ஓடாது. அப்படியானால் வாப்-பிளாங்கர் மென்பொருளில் அந்த முதல் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து வெற்றுத் துண்டாக மாற்றுங்கள். அதனால் டிஸ்க்கில் இடமும் மிச்சமாகும். லிங்க்டெய்ல் வரி இடத்தை மிச்சப்படுத்தாது.

நாகர்கோவில்: சார், மெனுவில் 'ஸ்லைடுஷோ' என்று ஒரு பட்டன். அந்தப் பகுதியை வெறுமையாக்கிவிட்டேன். பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை வருகிறது. பட்டனையே எடுக்க முடியாதா?

நல்ல கேள்வி. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். மெனு பட்டன் என்று நாம் பார்ப்பது ஒரே பொருள் அல்ல, மூன்று. 'ஸ்லைடுஷோ' என்ற எழுத்து பின்னணி வீடியோவிலேயே வரைந்தது. ரிமோட்டை நகர்த்தும்போது பளிச்சென்று மாறும் நிறம், சப்டைட்டில் போல மேலே படியும் தனி அடுக்கு. அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற கட்டளை இன்னொன்று.

கட்டளையை மட்டும் எடுத்தால் எழுத்தும் நிறமும் நிற்கும். பார்ப்பவர் அழுத்திப் பார்த்துவிட்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார். அதனால் வரிசையாகச் செய்ய வேண்டும். பிஜிசிஎடிட்டில் மெனுவின் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு பட்டன் மேலும் ஒரு கட்டம் தெரியும். உங்களுடையதில் மேலிருந்து கீழாக நான்கு பட்டன், ஸ்லைடுஷோ 3ஆவது என்று வைத்துக்கொள்வோம். ரிமோட்டில் மேலே, கீழே, இடம், வலம் அழுத்தினால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு பட்டனிலும் எழுதியிருக்கும். 2ஆம் பட்டனில் 'கீழே 3' என்பதை 'கீழே 4' ஆக்குங்கள். 4ஆம் பட்டனில் 'மேலே 3' என்பதை 'மேலே 2' ஆக்குங்கள். இனி ரிமோட் 3ஐத் தொடாமல் தாண்டும், நிறமும் அங்கே வராது. கம்ப்யூட்டரில் மவுஸை வைத்து அழுத்துபவர்களும் உண்டு. அதற்காக 3இன் கட்டளையை, ஒன்றும் செய்யாத 'நாப்' கட்டளையாக மாற்றிவிடுங்கள்.

மிச்சம் அந்த எழுத்து. அதை அழிக்க பின்னணிப் படத்தையே எடுத்து, பெயின்ட்டில் பூசி, திரும்பச் சேர்க்க வேண்டும். அசையாத படமாக இருந்தால் செய்யலாம். பின்னணியில் வீடியோ ஓடும் மெனுவாக இருந்தால் விட்டுவிடுங்கள், அவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

திருச்சி: 4.7 ஜிபி டிஸ்க் என்றுதானே விற்கிறான்? 4.5 ஜிபி ஃபோல்டர் ஏன் ஏறவில்லை?

விற்பவர் கணக்கு 1,000இல், விண்டோஸ் கணக்கு 1,024இல். விண்டோஸ் காட்டும்போது அது 4.37 ஜிபிதான். இரட்டை அடுக்கு டிஸ்க்கின் 8.5 என்பதும் 7.95 ஆகத்தான் தெரியும். உங்களுக்குக் கொஞ்சம்தான் கூடுதல் என்பதால், டிவிடி ஷ்ரிங்க் மென்பொருளில் முழு டிஸ்க் முறையில் திறந்து, வேண்டாத பகுதிகளுக்கு மட்டும் 'ஸ்டில் இமேஜ்' என்று கொடுங்கள். ஓடும் படம் அசையாப் படமாகிச் சுருங்கும், மெனு இணைப்பு உடையாது. முக்கிய வீடியோவின் தரத்தைக் குறைக்கவே வேண்டாம்.

கொழும்பு: கடையில் வாங்கிய படம் ஒன்றில் ட்ரெய்லரைத் தாண்டவே விடுவதில்லை அண்ணா. கை அடையாளம்தான் வருகிறது.

ரிமோட்டைத் தடுக்கும் ஒரு குறி ஐஎஃப்ஓவிலும் விஓபியிலும் இருக்கிறது, அதனால்தான். நம் வீட்டு டிஸ்க்குகளில் பிஜிசிஎடிட் மூலமே அதை நீக்கலாம். கடைப்படங்களில், காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டும் சேர்ந்தே வரும். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டு உடைப்பதை நான் இங்கே சொல்லித்தருவதில்லை.

காரைக்குடி: மெனுவே வேண்டாம் தம்பி. பேரப்பிள்ளைகள் பென்டிரைவில் பார்த்தால் போதும். அந்த 'ஸ்பெஷல்' பகுதிகளை எல்லாம் தூக்கிவிடவா?

அம்மா, மெனு வேண்டாமென்றால் மேலே சொன்ன எதுவுமே உங்களுக்குத் தேவையில்லை. மேக்எம்கேவி மென்பொருளில் டிஸ்க்கைத் திறந்து, வேண்டிய பகுதியை டிக் செய்தால் தரம் குறையாமல் ஒரே கோப்பாக வரும்.

ஆனால் ஸ்பெஷல் பகுதிகளை ஒருமுறை கடைசிவரை பார்த்துவிட்டுத் தூக்குங்கள். பெரும்பாலும் முக்கிய வீடியோவிலிருந்தே வெட்டி, பாட்டுப் போட்டிருப்பார்கள். சிலதில் அப்படி இல்லை. என்னிடம் வந்த ஒரு டிஸ்க்கில், பாட்டி மணமக்களுக்கு விபூதி பூசி ஆசீர்வாதம் செய்தது அந்தத் துண்டில் மட்டும்தான் இருந்தது. ஒன்றரை நிமிஷம். முக்கிய வீடியோவில் அவர் முகமே இல்லை. இவ்வளவு சின்னத் துண்டை மேக்எம்கேவி தானாகக் காட்டாது. 120 வினாடிக்குக் குறைந்ததை விட்டுவிடும்படி அதில் ஏற்கெனவே அமைத்திருக்கும். அமைப்பில் வீடியோ பக்கத்துக்குப் போய் அந்த 120ஐ 10 ஆக்கிவிட்டு, டிஸ்க்கை மறுபடி திறந்து பாருங்கள்.